மலையடிவாரத்தில் காத்திருப்பவர்கள்



நமது தீவிலே பருவங்களைக் காற்றைக் கொண்டும் மழையைக் கொண்டும் அறிகின்றோம். சோளகம் பெயர்ந்தால் ஒரு காலம். வாடை திரும்பினால் இன்னொரு காலம். மரங்கள் நிறம் மாறிக் காலத்தை அறிவிக்கும் காட்சியை நம்மில் அநேகர் நாட்காட்டிப் படங்களில் மாத்திரமே கண்டிருக்கின்றோம். 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் மாத இறுதியில் அதனை நேரிற் காணும் பேறு எனக்குக் கிட்டியது. கனடா நாட்டின் மேற்கே, அல்பேர்ட்டா மாகாணத்தின் ரொக்கி மலைத்தொடரில், வாடகைக்கு எடுத்த ஒரு வானில் நான்கு நாட்கள் பயணம் செய்தேன்.

அந்தப் பயணத்தின் அழகை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுத எண்ணினேன். ஆனால், எழுத அமர்ந்தபோது வீதியோரத்தில் நின்ற ஒரு கைதியின் சிலையே முதலில் என் மனக்கண்முன் தோன்றியது. அந்தச் சிலையை வந்தடைய நீங்களும் என்னோடு சிறிது தூரம் பயணம் செய்ய வேண்டும்.

எங்கள் வானில் ஐவர் இருந்தோம். வண்டியை ஓட்டியவர் கல்கரி நகரில் லொறிச் சாரதியாகப் பணிபுரியும் நம்மவர் ஒருவர். அவருடைய மனைவி, ஒன்பது வயது மகள், எழுபதைத் தாண்டிய தாயார், நான். 2010ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13ஆம் திகதி ‘சன் சீ’ என்னும் கப்பல் 492 தமிழரோடு கனடாவின் மேற்குக் கரையை அடைந்ததை நீங்கள் அறிவீர்கள். அவர்களுள் அவரும் ஒருவர். கரையிறங்கியதும் பல மாதங்கள் தடுப்புக் காவலில் இருந்தவர். அந்நாட்களைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. அவருடைய தாயார் 2009ஆம் ஆண்டு செட்டிகுளத்தின் கூடாரங்களில் இருந்தவர். அவரும் அதனைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அவர்களின் அனுமதியுடனேயே இவற்றை இங்கு எழுதுகிறேன்.

கரடிகளுக்கும் ஒரு பாலம்

கல்கரியிலிருந்து பான்ஃப் தேசிய பூங்காவுக்கு மேற்கு நோக்கி ஏறத்தாழ 130 கிலோ மீற்றர். தட்டையான புல்வெளி முடிவடைந்து, திடீரென மலைகள் எழுந்து நிற்கின்றன. பூங்காவின் எல்லைக்குள் நுழைந்ததும் நெடுஞ்சாலைக்குக் குறுக்கே ஒரு பாலம் தென்பட்டது. அதன்மீது வீதி இல்லை. மண்ணும் புல்லும் மரங்களும் இருந்தன. “கரடிக்குக் கட்டின பாலம் ஃபாதர்” என்றாள் சிறுமி. பாடசாலையில் படித்திருக்கிறாள்.

உண்மைதான். விரைந்து செல்லும் வாகனங்களில் அடிபட்டு மான்களும் கரடிகளும் ஓநாய்களும் மடிவதைத் தடுப்பதற்காக, நெடுஞ்சாலையின் இரு மருங்கிலும் வேலி அடைத்து, விலங்குகள் கடப்பதற்கென 6 மேம்பாலங்களையும் 38 சுரங்க வழிகளையும் அமைத்திருக்கிறார்கள். அதன் பின்னர் விலங்குகள் மோதுண்ணும் விபத்துகள் 80 சதவீதத்துக்கும் மேலாகக் குறைந்துள்ளன. சாலையைக் கடக்க வழியின்றி நிற்கும் உயிருக்கு வழி அமைத்துக் கொடுப்பதும் ஓர் இரக்கச் செயலே என்று எண்ணிக்கொண்டேன்.

கனடாவின் முதலாவது தேசிய பூங்கா இது. 1883இல் புகையிரதப் பாதைப் பணியாளர் மூவர் இங்கு ஒரு குகையில் வெந்நீர் ஊற்றைக் கண்டனர். 1885இல் அந்த ஊற்றைச் சூழ்ந்த சிறு நிலப்பரப்பு அரசினால் ஒதுக்கப்பட்டது. 1887இல் அது பூங்காவாக விரிந்தது. தலைமுறை தலைமுறையாக இம்மலைகளில் வேட்டையாடி வாழ்ந்த ஸ்டோனி நக்கோடா மக்கள், பூங்கா உருவானபின் தங்கள் வேட்டை நிலங்களிலிருந்து விலக்கப்பட்டனர். ‘மனிதர் கால்படாத இயற்கை’ என்று நாம் வியக்கும் இடங்களிற் சில, மனிதர் வெளியேற்றப்பட்டதனால் அவ்வாறு ஆனவை.

நாங்கள் அந்த வெந்நீர் ஊற்றை அடைந்தபோது மாலையாகி, வாயிற்கதவு பூட்டப்பட்டிருந்தது. வெளியே நின்று கந்தக வாடையை நுகர்ந்துவிட்டு, சில புகைப்படங்கள் எடுத்துக்கொண்டு விடுதிக்குத் திரும்பினோம். நாங்கள் எத்தகைய இடத்தில் நிற்கிறோம் என்பது அப்போது எங்களில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பொன்னிறப் பள்ளத்தாக்கு

மறுநாள் அதிகாலை லேக் லூயிஸ் சென்றோம். அங்கிருந்து மொரேய்ன் ஏரிக்குச் செல்லும் வீதியில் 2023 முதல் தனியார் வாகனங்கள் அனுமதிக்கப்படுவதில்லை. எனவே வானை நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் ஏறினோம். பத்துச் சிகரங்கள் அரணாகச் சூழ்ந்து நிற்க, நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் அந்த ஏரி அசைவின்றிக் கிடந்தது. பனியாறுகள் பாறைகளை அரைத்து உண்டாக்கும் மாப்போன்ற துகள்கள் நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதே அந்நிறத்தின் காரணம் என்கின்றனர். ஒரு காலத்தில் கனடாவின் இருபது டொலர் நாணயத்தாளில் இக்காட்சி அச்சிடப்பட்டிருந்தது.

தாயாரும் மருமகளும் ஏரிக்கரையில் அமர்ந்துகொள்ள, நாங்கள் மூவரும் லார்ச் பள்ளத்தாக்குக்கு ஏறினோம். ஏறக்குறைய நாலரைக் கிலோ மீற்றர் ஏற்றம். கரடிகள் நடமாடும் பகுதியாதலால், சில காலங்களில் நால்வருக்குக் குறைவாக எவரும் செல்லக்கூடாதென அங்கு சட்டமே உண்டு. வழியில் வந்த வேறு சிலரோடு சேர்ந்துகொண்டோம். எனக்கு மூச்சு வாங்கிற்று. சிறுமி முன்னே ஓடி, திரும்பி வந்து, என் கைப்பையை வாங்கிச் சுமந்தாள்.

மேலே ஏறியதும் கண்ட காட்சியை என்னென்பேன்! பள்ளத்தாக்கு முழுவதும் பொன்மயம். லார்ச் ஓர் ஊசியிலை மரம். பைன் முதலிய ஊசியிலை மரங்கள் ஆண்டு முழுவதும் பச்சையாகவே நிற்பவை. லார்ச்சோ தன் ஊசிகளை இலையுதிர் காலத்தில் உதிர்த்து விடுகிறது. உதிர்ப்பதற்கு முன் அவற்றிலுள்ள ஊட்டத்தைத் தண்டுக்குள் இழுத்துச் சேமித்துக்கொள்கிறது. பச்சையம் அகல, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. சுமையை இறக்கி வைத்த மரம் கடுங்குளிரையும் வறண்ட காற்றையும் தாங்குகிறது. மரங்கள் வளரக்கூடிய எல்லையின் உச்சியில், வேறு மரங்கள் நிற்க அஞ்சும் பாறைச் சரிவில், சில நூற்றாண்டுகள் அது வாழ்கிறது. இழக்கத் தெரிந்த மரமே அந்த உயரத்தில் நிலைத்து நிற்கிறது!

“இஞ்சயே ஒரு கூடாரம் அடிச்சு இருந்திடலாம் சுவாமி” என்றார் நண்பர். நான் சிரித்தேன். இருபது நூற்றாண்டுகளுக்கு முன் வேறொரு மலையுச்சியில் பேதுரு விரும்பியதும் இதுவே அல்லவா? ஆண்டவர் உருமாறிய அந்த ஒளியில் மயங்கி, மூன்று கூடாரங்கள் அமைக்க அவர் முன்வந்தார். நற்செய்தியாளர்கள் அத்துடன் நிறுத்தவில்லை. இயேசு சீடர்களை மலையிலிருந்து கீழே அழைத்துச் செல்கிறார். அடிவாரத்தில் ஒரு தந்தை, நோயுற்ற தன் மகனோடு காத்து நிற்கிறார். குருமடத்தில் இப்பகுதியைப் பலமுறை படித்திருக்கிறேன். பலமுறை பிரசங்கமும் செய்திருக்கிறேன். என் பிரசங்கம் எப்போதும் மலையுச்சியின் ஒளியோடு முடிந்துவிடும். அடிவாரத்தில் நின்ற அந்தத் தந்தையிடம் நான் அதிகம் சென்றதில்லை.

நெருப்பில் திறக்கும் விதை

மூன்றாம் நாள் பனிவெளி நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கிப் புறப்பட்டோம். லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் நகர்வரை 232 கிலோ மீற்றர் நீளும் இவ்வீதி உலகின் அழகிய மலைவீதிகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. வளைவுக்கு வளைவு ஒரு பனிமலை, ஒரு நீர்வீழ்ச்சி, ஓர் ஏரி. அஸ்பென் மரங்களின் மஞ்சள் இலைகள் காற்றில் நடுங்கி, சில்லறைக் காசுகளைக் குலுக்கியதுபோல் ஒளிர்ந்தன. இந்த வீதி 1931இல், உலகப் பொருளாதார மந்தத்தின்போது, வேலையற்றோருக்கான நிவாரணத் திட்டமாகத் தொடங்கப்பட்டு 1940இல் திறக்கப்பட்டது. மண்வெட்டியும் குதிரையும் கொண்டு ஏழைகள் வெட்டிய பாதை அது.

அதபாஸ்கா பனியாற்றின் முன்னே நடைபாதையோரம் ஆண்டுகள் பொறித்த பலகைகள் நிற்கின்றன. அந்தந்த ஆண்டில் பனி எதுவரை பரந்திருந்தது என்பதை அவை காட்டுகின்றன. கடந்த 125 ஆண்டுகளில் அது ஒன்றரைக் கிலோ மீற்றருக்கும் மேலாகப் பின்வாங்கிவிட்டது. கடைசிப் பலகைக்கும் பனிக்கும் இடையில் வெறுங்கல்லும் சேறும். தன் மகள் பெரியவளாகும்போது இது இருக்குமா என்று நண்பரின் மனைவி கேட்டார். எவரும் பதில் சொல்லவில்லை.

ஜாஸ்பரை நெருங்கியதும் காட்சி மாறியது. மலைச்சரிவுகளில் கரிய தீக்குச்சிகள்போல் எரிந்த மரங்கள். 2024ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் திகதி இரவு, பூங்காவிலிருந்த ஏறத்தாழ 25,000 பேர் காட்டுத்தீயின் காரணமாக வெளியேற்றப்பட்டனர். 24ஆம் திகதி தீ நகருக்குள் புகுந்து 358 கட்டடங்களை அழித்தது. புனித மரியாள், புனித ஜோர்ஜ் பெயரில் அமைந்த அங்கிலிக்கன் ஆலயமும் அவற்றுள் ஒன்று. உடுத்த உடையோடு வீட்டை விட்டு ஓடுவது எத்தகையது என்று எங்கள் வானிலிருந்த தாயாருக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. எரிந்த காணிகளைப் பார்த்தபடியே அவர் செபமாலையைக் கையில் எடுத்தார்.

ஆயினும் அந்தக் கரியின் நடுவே முழங்கால் அளவுகூட எட்டாத சிறு பைன் நாற்றுகள் ஆங்காங்கே தலைகாட்டின. லொட்ஜ்போல் பைன் எனப்படும் மரத்தின் பல காய்கள் பிசினால் இறுக மூடப்பட்டிருக்கும். எத்தனை ஆண்டுகள் சென்றாலும் அவை திறப்பதில்லை. காட்டுத்தீயின் வெப்பத்தில் பிசின் உருகும்போதே விதைகள் வெளியே விழுகின்றன. சாம்பல் படிந்த மண்ணில் வேரூன்றுகின்றன. இந்த உண்மையை ஒரு பிரசங்கத்துக்குக் குறித்துக்கொள்ள என் குறிப்பேட்டை எடுத்தேன். பிறகு அருகிலிருந்த தாயாரின் முகத்தைக் கண்டு அதனை மூடி வைத்தேன். மரங்களுக்கு நெருப்பு உதவலாம். எரிந்துபோன வீட்டுக்காரரிடம் அதனைச் சொல்வதற்கு நமக்கு உரிமை இல்லை.

கோட்டை மலையின் அடியில்

நான்காம் நாள் திரும்பும் பயணம். நெடுஞ்சாலையில் விரைவதை விடுத்து, அதற்கு இணையாகச் செல்லும் பழைய வீதியில் சிறிது தூரம் போவோம் என்றார் நண்பர். போ ஆற்றின் ஓரமாகக் காட்டின் நடுவே செல்லும் அமைதியான வீதி அது. வலப்புறமும் இடப்புறமும் பொன்னிற இலைகள். முன்னே, மதிலும் கொத்தளமும் கொண்ட கோட்டையைப்போல் கோட்டை மலை எழுந்து நின்றது. அதன் உயரம் 2,766 மீற்றர். புகைப்படம் எடுப்பதற்காக வானை நிறுத்தினோம். அங்கேதான் அந்தச் சிலை இருந்தது.

வீதியோரத்தில் தனித்து நிற்கும் ஒரு கைதியின் உருவம். அருகே ஒரு நினைவுப் பலகை. சிலையின் பெயர் ‘ஏன்?’ என்பதாகும். 1995ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அது அங்கு திறந்து வைக்கப்பட்டது.

நண்பர் பலகையை வாசித்தார். முதலாம் உலகப் போரின்போது இம்மலையடிவாரத்தில் ஒரு தடுப்பு முகாம் இருந்தது. முட்கம்பி வேலி, காவலர், வெண்ணிறக் கூடாரங்கள். அடைக்கப்பட்டவர்களிற் பெரும்பாலோர் உக்ரேனியர். அவர் நெடுநேரம் பேசாது நின்றார். பின்னர், “சுவாமி, ஆறு வருசமா அந்தப் பெரிய ரோட்டால லொறி ஓடுறன். ஒருநாளும் இஞ்சால திரும்பினதில்லை” என்றார்.

தாயார் மெல்ல நடந்து வந்து சிலையை நிமிர்ந்து பார்த்தார். “இவையளும் கம்பிக்குள்ளதான் இருந்தவையோ சுவாமி?” என்று கேட்டார். ஆம் என்றேன். கீழே கிடந்த ஒரு பொன்னிறக் கிளையை எடுத்துச் சிலையின் காலடியில் வைக்கக் குனிந்தார். பூங்காவில் எதனையும் எடுக்கக்கூடாது என்று பேத்தி தடுத்தாள். “எடுக்கேல்லை அம்மாச்சி, இடம் மாத்தி வைக்கிறன்” என்றார் தாயார். பிறகு அந்தக் கல்லின்மீது அமர்ந்து, “ஆர் பெத்த பிள்ளையளோ” என்று சொல்லிச் செபமாலையைத் தொடங்கினார்.

சிறுமி என்னிடம் வந்தாள். “ஃபாதர், அவர் என்ன பிழை செய்தவர்?”

“ஒன்றும் செய்யவில்லை, மகள்.”

“அப்ப ஏன்?”

அன்பர்களே, அந்தக் கேள்விக்கு என் நாவின் நுனியில் ஒரு விடை ஆயத்தமாக இருந்தது. குருக்களாகிய எங்களிடம் எப்போதும் ஒரு விடை ஆயத்தமாக இருக்கும். நான் வாயைத் திறந்தேன். அதற்குமேல் சொல் வரவில்லை. செபமாலையின் நடுவே தாயார் தலைநிமிர்ந்து, “தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லுங்கோ சுவாமி. அதுவும் நல்லதுதான்” என்றார்.

அழைத்து வந்தவர்களே அடைத்தார்கள்

அன்று மாலை வாயில் மூடப்படுமுன்னர் மீண்டும் அந்த வெந்நீர் ஊற்றுக்குச் சென்றோம். அங்கே 2013 முதல் இந்த வரலாற்றைக் கூறும் கண்காட்சி ஒன்று உள்ளது. அங்கு கண்டவற்றையும் பின்னர் படித்தறிந்தவற்றையும் சுருக்கித் தருகிறேன்.

1914க்கு முந்திய இரு தசாப்தங்களில் ஏறத்தாழ 1,70,000 உக்ரேனியர் கனடாவிற் குடியேறினர். மேற்கின் புல்வெளிகளை உழுவதற்கு உழைப்பாளிகளான குடியானவர் வேண்டும் என்று கனடா அரசே அவர்களை வரவேற்றது. பத்து டொலர் பதிவுக் கட்டணத்துக்கு 160 ஏக்கர் நிலம் வழங்கியது. அவர்களிற் பெரும்பாலோர் ஒஸ்ரியா–ஹங்கேரிப் பேரரசின் பிரசைகளாகப் பிறந்தவர்கள். 1914 ஓகஸ்ட்டில் போர் மூண்டதும், கையில் இருந்த அந்தக் கடவுச்சீட்டின் காரணமாகவே அவர்கள் ‘எதிரி நாட்டு அந்நியர்’ ஆகினர். போர்க்கால நடவடிக்கைகள் சட்டத்தின்கீழ் 80,000க்கும் மேற்பட்டோர் பொலிஸாரிடம் பதிந்து, குறித்த காலத்துக்கொருமுறை சென்று முன்னிலையாக வேண்டியிருந்தது. 8,579 பேர் நாடெங்கும் அமைந்த 24 முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் 5,000க்கும் மேற்பட்டோர் உக்ரேனியர். வேலையிழந்து நகரங்களில் அலைந்த ஏழைகள் பலர், ஏழைகளாக இருந்த காரணத்தினாலேயே பிடிக்கப்பட்டனர். சில முகாம்களில் பெண்களும் குழந்தைகளும்கூட இருந்தனர். 107 பேர் தடுப்பிலேயே மரித்தனர்.

கோட்டை மலை முகாம் 1915 ஜூலையில் திறக்கப்பட்டது. அங்கிருந்தவர்களின் வேலை என்ன தெரியுமா? லேக் லூயிஸ் நோக்கிச் செல்லும் வீதியை அமைப்பது. மரம் வெட்டி, வேர் பிடுங்கி, கல் உடைத்தார்கள். நாளொன்றுக்குக் கூலி 25 சதம். உல்லாசப் பயணிகள் மலையின் அழகைக் கண்டு மகிழ்வதற்கான வீதியை அமைத்தவர்கள், இரவில் முட்கம்பிக்குள் உறங்கினார்கள். பலர் காட்டுக்குள் தப்பியோடினர். பனிக்காலத்தில் கூடாரங்களில் இருக்க இயலாதபடியால் முகாம் பான்ஃப் நகருக்கு மாற்றப்பட்டது. எவ்விடத்துக்குத் தெரியுமா? முதல் நாள் மாலை நாங்கள் சிரித்துப் புகைப்படம் எடுத்துக்கொண்ட அதே வெந்நீர் ஊற்றின் அருகில்தான்.

முகாம் 1917இல் மூடப்பட்டது. நாடளாவிய ஆவணங்களிற் பெரும்பகுதி 1950களில் அழிக்கப்பட்டது. மீண்டவர்கள் வெட்கத்தினாலும் அச்சத்தினாலும் பிள்ளைகளிடம்கூடப் பேசவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் பல ஆண்டுகள் இடைவிடாது கேட்டதன் பயனாக, 2005இல் கனடா நாடாளுமன்றம் இந்தத் தடுப்பை அங்கீகரிக்கும் சட்டத்தை இயற்றியது. 2008இல் நினைவுகூரும் பணிகளுக்கென ஒரு கோடி டொலர் நிதியம் அமைக்கப்பட்டது.

நண்பர் கனடாவை எந்நாளும் நன்றியோடு பேசுபவர். தனக்கு வாழ்வு தந்த நாடு என்பார். கண்காட்சியை விட்டு வெளியே வந்தபோது அவர் சொன்னார்: “இதைச் சொல்லி எழுதி வைச்சிருக்கிறாங்கள் சுவாமி. அதுக்காக இன்னும் கொஞ்சம் நன்றி.” தன் தவற்றைத் தானே கல்லிற் பொறித்து வழியோரத்தில் நிறுத்தும் ஒரு நாட்டை நேசிப்பது எளிது. நினைவுகூருதல் நன்றிகெட்ட செயல் என்று கருதுவோர் இந்தச் சொற்களைச் சிந்திப்பாராக.

ஓர் ஆயரின் கடிதம்

கத்தோலிக்கன் என்ற வகையிலும் குரு என்ற வகையிலும் என்னை அதிகம் உறுத்திய செய்தி ஒன்றுண்டு. அக்குடியேறிகளில் அநேகர் கீழைத்தேய வழிபாட்டு முறையைச் சேர்ந்த உக்ரேனியக் கத்தோலிக்கர். 1912இல் அவர்களின் முதலாவது ஆயராகக் கனடாவுக்கு வந்தவர் நிகித்தா புட்கா. 1914 ஜூலை 27ஆம் திகதி, பிரித்தானியா போரிற் குதிப்பதற்கு முன், அவர் ஒரு சுற்றுமடல் எழுதினார். ஒஸ்ரியப் படையின் சேமப் பிரிவைச் சேர்ந்தோர் தாயகம் திரும்பி அதனைக் காக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு சில நாட்களில் பிரித்தானியா போரில் இறங்க, கனடாவும் ஒஸ்ரியாவுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றது. ஆயர் உடனே அம்மடலைத் திரும்பப் பெற்று, கனடாவுக்கு விசுவாசமாய் இருக்குமாறு இன்னொரு மடல் எழுதினார். ஆனால் முதல் மடல் ஏற்படுத்திய ஐயம் நீங்கவில்லை. தம் மந்தை ஐயத்துக்குள்ளாக ஓர் ஆயரின் பேனாவும் காரணமாயிற்று.

இறைவனின் வழிகள் விந்தையானவை. பின்னர் லிவிவ் நகருக்குத் திரும்பிய அதே ஆயர், 1945இல் சோவியத் அரசினாற் கைது செய்யப்பட்டார். தம் விசுவாசத்தை மறுதலிக்காது, 1949இல் கசகஸ்தான் நாட்டின் ஒரு தடுப்பு முகாமில், முட்கம்பிக்குள் மரித்தார். திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 2001 ஜூன் 27ஆம் திகதி அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். தம் மக்கள் கம்பிக்குள் அடைபட்ட காலத்தில் வெளியே நின்ற மேய்ப்பர், இறுதியில் கம்பிக்குள்ளேயே உயிர் துறந்தார்.

விரைந்து சொன்ன விடை

இதனை எழுதும்போது என் சொந்தப் பாவம் ஒன்றை மறைக்க இயலாது.

2009இல் நான் குருத்துவ அருட்பொழிவு பெற்றுச் சில காலமே ஆகியிருந்தது. ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் வன்னியிலிருந்து வந்து முகாம்களில் அடைபட்டிருந்தனர். ஒருநாள் வேலிக்கு அப்பால் நின்ற ஒரு தாய் என்னைக் கண்டு அருகே வந்தார். தன் மகனின் பெயரைச் சொன்னார். பதுங்குகுழியின் வாசலில் அவன் மடிந்ததைச் சொன்னார். பிறகு, “ஏன் சுவாமி?” என்று கேட்டார். நான் ஒரு கணமும் தாமதிக்கவில்லை. எல்லாம் இறைவனின் சித்தம், அம்மா என்றேன். அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுக் கூடாரங்களை நோக்கித் திரும்பி நடந்தார். அவரை அதன்பின் நான் காணவில்லை. அவருடைய பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.

இத்தனை ஆண்டுகளும் அந்த விடையை ஒரு குருவின் கடமையாகவே கருதியிருந்தேன். கோட்டை மலையின் அடியில், ஒன்பது வயதுச் சிறுமியின் முன் வாயடைத்து நின்றபோதே எனக்கு உண்மை விளங்கிற்று. அந்தத் தாயின் துயரத்தின் அருகே நிற்க எனக்குத் துணிவில்லை. ஆகவே ஒரு விடையைக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டேன்.

நம் ஆண்டவர் சிலுவையில் தொங்கியபோது தம் தந்தையை நோக்கி எழுப்பியதும் ‘ஏன்’ என்ற கேள்வியே. வானத்திலிருந்து அப்போது குரல் எதுவும் கேட்கவில்லை. சிலுவையின் அருகே அன்னை மரியாள் நின்றார், யோவான் நின்றார். அவர்கள் விளக்கம் எதுவும் சொன்னதாக நற்செய்தியில் இல்லை. அவர்கள் நின்றார்கள் என்று மாத்திரமே எழுதப்பட்டிருக்கிறது. கம்பிக்கு அப்பால் நின்ற அந்தத் தாய்க்கும் என்னிடமிருந்து அவ்வளவே தேவைப்பட்டிருக்கும்.

அன்பார்ந்தவர்களே, மலையுச்சிகளுக்குச் செல்லுங்கள். இறைவன் தந்த அழகைக் கண்டு அவரைப் புகழுங்கள். பொன்னிற மரங்களும் பனிச்சிகரங்களும் அவருடைய கொடைகளே. ஆனால் மலையிலிருந்து இறங்கும் வழியில் வண்டியைச் சற்று நிறுத்துங்கள். நீங்கள் செல்லும் வீதியை யார் வெட்டினார்கள் என்று கேளுங்கள். உங்கள் ஊரிலும், உங்கள் பங்கிலும், ஒருவேளை உங்கள் வீட்டிலுமே, பல ஆண்டுகளாக ‘ஏன்’ என்று கேட்டுக்கொண்டு ஒருவர் காத்திருக்கலாம். அவரிடம் விரைந்து விடை கூறாதீர்கள். அவருடைய பெயரைக் கேளுங்கள். சிறிது நேரம் அருகே இருங்கள்.

கல்கரிக்குத் திரும்பும் வழியில் இருள் கவிந்தது. சிறுமி பாட்டியின் மடியில் உறங்கிப்போனாள். கரடிகளின் பாலத்துக்குக் கீழாக வான் சென்றபோது, தாயார் ஐந்தாவது தேவ இரகசியத்தை முடித்துவிட்டு, “சுவாமி, அந்தப் பிள்ளையளுக்காக நாளைக்குப் பூசை வைப்பீங்களோ?” என்று கேட்டார்.

மறுநாட் காலை, அவர்களின் வீட்டுச் சமையலறை மேசையில், கோட்டை மலையடியில் அடைபட்டவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தேன். செட்டிகுளத்து வேலியருகே என்னைக் கேள்வி கேட்ட அந்தத் தாயையும், பெயர் அறியாமலே, அதில் நினைவுகூர்ந்தேன். அவர் எங்கேனும் இருந்து இதனை வாசிப்பாராயின், ஒன்று சொல்ல விரும்புகிறேன். அம்மா, உங்கள் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அன்றும் இருக்கவில்லை. என்னை மன்னியுங்கள்.